கடிபட்ட இலையின் வாசம் யாருக்குப் போகிறது?

கவ்வாத்து வெட்டுகிற தேயிலை மலைப்பக்கமாக நடந்தால் ஒரு பச்சை வாசம் மூக்கில் ஏறும். புல் வெட்டிய இடத்திலும் அதே வாசம்தான், கொழுந்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாலும் அதேதான். மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போனதால் அது ஏன் வருகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. ஆனால் நாற்பது வருடங்களுக்கு மேலாகத் தாவர ஆராய்ச்சியாளர்கள் விடாமல் வாதாடிய விஷயங்களில் இந்த வாசமும் ஒன்று. ஒரு செடியைப் புழு தின்னும்போது கிளம்புகிற வாசம் பக்கத்துச் செடிக்குப் போய்ச் சேர்கிறதா, சேர்ந்தால் அந்தச் செடி புழு வருமுன்பே தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறதா? ஆம் என்பதுதான் இன்றைய பதில். ஆனால் "மரங்கள் பேசிக்கொள்கின்றன" என்று வீடியோக்களில் சொல்கிற மாதிரி அல்ல. நடப்பது அதைவிடச் சிக்கலானது, என்னைக் கேட்டால் அதைவிட அழகானது, தேயிலையை நம்பி வாழ்கிற நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டதும்கூட.

முதலில் வாசம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். இலையின் கல மென்சவ்வுகளில் லினோலெனிக் அமிலம் என்கிற கொழுப்பமிலம் நிறைய இருக்கிறது. அதை வெட்டுகிற நொதியங்களும் அதே இலையில்தான் இருக்கின்றன, ஆனால் இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் பெரிதாகச் சந்தித்துக்கொள்வதில்லை. புழு கடித்தாலோ கவ்வாத்துக் கத்தி விழுந்தாலோ கொழுந்தைக் கிள்ளினாலோ கலங்கள் உடைந்து எல்லாம் கலந்துவிடும், சில விநாடிகளிலேயே ஆறு காபன் கொண்ட சின்னஞ்சிறு மூலக்கூறுகள் காற்றில் கிளம்பிவிடும். ஹெக்ஸெனல் முதலில், அதிலிருந்து ஹெக்ஸெனோல், அப்புறம் ஹெக்ஸெனைல் அசிட்டேட். நாம் பச்சை வாசம் என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைத்தான். இது எந்த இலையை உடைத்தாலும் ஏறக்குறைய வருகிற பொது வாசம், "இங்கே இலை உடைந்திருக்கிறது" என்பதற்கு மேல் அதில் அதிகச் செய்தி இல்லை.

இந்தக் கதை 1983ல் தொடங்கியது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ரோட்ஸ், புழுக்கள் தின்ற வில்லோ மரங்களின் இலைகள் புழுவுக்கு ஒத்துவராதவையாக மாறுவதைக் கவனித்தார். அது புதிதல்ல. ஆச்சரியம் என்னவென்றால் புழு தொடாத பக்கத்து மரங்களின் இலைகளும் மாறியிருந்தன, வேர்கள் ஒன்றையொன்று தொட்டதற்கான அடையாளமும் இல்லை. அப்படியென்றால் காற்று வழியாகத்தான் ஏதோ போயிருக்க வேண்டும் என்று எழுதினார். அதே வருடம் இயன் போல்ட்வினும் ஜாக் ஷுல்ட்ஸும் மூடிய அறைகளுக்குள் பொப்லர், மேப்பிள் கன்றுகளை வைத்து, சிலவற்றின் இலைகளை மட்டும் கிழித்துவிட்டுப் பார்த்தார்கள். கிழிக்கப்படாத கன்றுகளிலும் துவர்ப்புப் பொருட்கள் கூடியிருந்தன. பத்திரிகைகள் தலைப்புப் போட்டன, விஞ்ஞானிகள் கிழித்துப் போட்டார்கள். மரத்துக்கு மரம் பரவியது வாசம் அல்ல, புழுக்களுக்கு வந்த நோயாக இருக்கலாம் என்றார்கள். அறைகள் போதாது, புள்ளிவிவரம் போதாது என்றார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் அதனால் சில வருடங்களுக்கு இந்தத் துறையே கைவிடப்பட்டது போல ஆகிவிட்டது.

1990ல் எட்வர்ட் ஃபார்மரும் கிளாரன்ஸ் ரயனும் அதை மீட்டார்கள். வட அமெரிக்க வறண்ட நிலத்தில் வளரும், மாசிப்பச்சை இனத்தைச் சேர்ந்த ஒரு நறுமணப் புதரின் கிளையைத் தக்காளிச் செடியோடு ஒரே மூடிய பாத்திரத்துக்குள் வைத்தார்கள். புதரிலிருந்து வருகிற மெதைல் ஜாஸ்மோனேட் என்கிற வாசப்பொருள் பட்டதுமே, யாரும் கடிக்காத தக்காளி இலைகளில் புரதம் செரிப்பதைத் தடுக்கிற பொருட்கள் குவிந்தன. இதைத் தின்கிற புழுவுக்கு வயிறு நிறையும், ஆனால் அதிலுள்ள புரதம் உடம்பில் ஒட்டாது. காயம்பட்ட செடி தனக்குள்ளே எழுப்புகிற எச்சரிக்கை ஹோர்மோன் ஜாஸ்மோனிக் அமிலம். அதன் ஆவியாகக்கூடிய வடிவம்தான் இந்த மெதைல் ஜாஸ்மோனேட். அதாவது உடம்புக்குள் ஓடுகிற செய்தி காற்றிலும் போகலாம் என்பதற்கு வேதியியல் ஆதாரம் கிடைத்துவிட்டது.

அப்புறம் 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கார்பன் இதை ஆய்வுகூடத்தை விட்டு வெளியே, கலிஃபோர்னியா மலைகளில் திறந்த வெளியில் செய்து காட்டினார். அதே புதரைக் கத்தரித்துவிட்டால், பக்கத்தில் முளைத்திருக்கும் காட்டுப் புகையிலையை வெட்டுக்கிளிகளும் புழுக்களும் குறைவாகத் தின்றன. அந்தப் புகையிலை இலைகளில் கூடியிருந்த நொதியம் எது தெரியுமா? பொலிஃபீனோல் ஒக்ஸிடேஸ். தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாவிட்டாலும் இதன் வேலை நன்றாகத் தெரியும். ரோலரில் அரைபட்ட பச்சைக் கொழுந்து செம்பு நிறமாகி, அப்புறம் கறுத்து, நாம் குடிக்கிற கறுப்புத் தேயிலை ஆவதற்குக் காரணமே இந்த நொதியம்தான். புழுவின் வாயிலும் வயிற்றிலும் இது செய்வதும் அதே வேலையே: இலையின் துவர்ப்புப் பொருட்களை ஒக்சியேற்றி, அவை புரதங்களைப் பிடித்துக் கட்டிப்போடும்படி செய்து, உணவை உதவாததாக்கிவிடுகிறது. கொழுந்தின் துவர்ப்பு, கஃபீன், கறுக்கவைக்கும் நொதியம் என்று நாம் விலைபேசி விற்கிற ஒவ்வொன்றும் செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருப்பது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செடிமேல் மரியாதை கூடுகிறது.

சரி, செடி ஏன் பக்கத்துச் செடிக்கு உதவ வேண்டும்? தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் உரத்துக்கும் அதோடு போட்டி போடுகிற செடி அது. இந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் எல்லாவற்றையும் வேறு மாதிரிப் பார்க்க வைத்தது. செடி பேசுவது பக்கத்து வீட்டோடு அல்ல, முதலில் தன்னோடு. ஒரு கிளையில் புழு விழுந்தால் அந்தச் செய்தி சாறு ஓடும் குழாய்கள் வழியாக எல்லாக் கிளைக்கும் போய்விடாது, ஏனென்றால் அருகருகே இருக்கும் இரண்டு கிளைகளுக்கு நேரான குழாய்த் தொடர்பு இல்லாமல் இருக்கலாம். ஆனால் காற்றில் அவற்றுக்கு இடையே ஒரு சாண்தான் தூரம். கார்பன் 2006ல் இதைச் சோதித்தார். ஒரு கிளையைக் கத்தரித்தபோது அதே செடியின் மற்றக் கிளைகளுக்குப் பாதுகாப்புக் கூடியது, கத்தரித்த கிளையைப் பையால் மூடி காற்றைத் தடுத்தால் கூடவில்லை. தன் கிளைகளுக்கிடையே செய்தி அனுப்பவும் அந்தப் புதர் காற்றைத்தான் நம்புகிறது. அடுத்த வருடம் மெக்சிகோவில் மார்ட்டின் ஹைல் லைமா அவரையில் இதே போன்ற முடிவைக் கண்டார்: வண்டு கடித்த இலையின் வாசம் பட்டால் அதே கொடியின் மற்ற இலைகள் காம்படியில் கூடுதலாகத் தேன் சுரந்து எறும்புகளைக் கூப்பிடுகின்றன, எறும்புகள் தின்ன வருகிற பூச்சிகளை விரட்டுகின்றன. பக்கத்துச் செடி இதில் ஒட்டுக்கேட்கிற ஆள். அதற்கென்று யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கேட்டுத் தயாராகிக்கொள்கிற செடி பிழைக்கிறது.

தூரம் இங்கே முக்கியம். கார்பனின் புதர்களுக்கு இடையே இந்தத் தாக்கம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் வரைதான் தெரிந்தது. மலை முழுக்க எச்சரிக்கை பரவுகிறது என்பதெல்லாம் கற்பனை. ஆனால் தேயிலை நடுகிற அளவை நினைத்துப் பாருங்கள்: நிரைக்கு நிரை நாலடி, நிரைக்குள்ளே செடிக்குச் செடி இரண்டடி, அதாவது அதே 60 சென்ரிமீற்றர். மட்டம் பிடித்து வளர்த்த மலையில் ஒரு செடியின் வாதும் அடுத்ததன் வாதும் தொட்டுக்கொண்டே நிற்கும். இன்னொன்று, 2013ல் வெளிவந்த ஆய்வில் நெருங்கிய உறவுச் செடியிலிருந்து வந்த வாசம் அந்தப் புதர்களை அதிகமாகப் பாதுகாத்தது. நம் வீ.பி. மலைகளில் ஒரே தாய்ச்செடியின் குச்சிகளை வெட்டி நட்ட செடிகள்தான் வரிசை வரிசையாக நிற்கின்றன, பரம்பரையைப் பொறுத்தவரை மலை முழுக்க ஒரே செடி. பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் வேறு. வறண்ட நிலப் புதரில் கண்டதைத் தேயிலைக்கு அப்படியே ஒட்டிவிடக் கூடாதுதான், ஆனால் வீ.பி. மலையையும் விதை மலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் வேறு எங்கே இருக்கிறது?

வாசம் பட்டதும் செடி உடனே எல்லா ஆயுதத்தையும் செய்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயுதம் செய்யச் செலவாகும், அந்தச் சக்தியில் ஒரு புதுத் தளிர் விட்டிருக்கலாம். புழு வராமலே போய்விட்டால் எல்லாம் வீண். அதனால் பெரும்பாலும் நடப்பது முன்தயாரிப்பு: இரவே உளுந்தை ஊறப்போட்டு வைத்தால் காலையில் அரைக்க நேரம் பிடிக்காது, அந்த மாதிரி. 2004ல் சோளச் செடிகளில் இது தெளிவாகத் தெரிந்தது. பச்சை வாசம் பட்ட சோளம், பிறகு புழுவின் எச்சில் பட்ட காயம் உண்டானபோது, வாசம் படாத சோளத்தைவிட அதிக ஜாஸ்மோனிக் அமிலத்தை எழுப்பி, பாதுகாப்பு வாசங்களையும் அதிகமாக விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் செடியில் பெரிய மாற்றம் தெரியாது, கடி விழும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

மூக்கில்லாத செடி இதை எப்படி உணர்கிறது என்பது நீண்ட நாள் இழுத்தடித்த கேள்வி. 2023ல் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகத்தில் மசாத்சுகு டொயோட்டாவின் குழு இதைக் கண்ணால் பார்க்க வைத்தது. கல்சியம் அசைந்தால் ஒளிரும்படி மாற்றிய ஒரு சிறு செடிமீது, புழுக்கள் இலை தின்றுகொண்டிருந்த போத்தலின் காற்றை மெல்ல ஊதினார்கள். இலை ஒளிர்ந்தது. முதலில் கல்சியம் ஏறியது இலைவாயின் காவற்கலங்களில், பிறகு உள்ளே இருக்கும் கலங்களில். இலைவாயை மூடவைத்துவிட்டு ஊதினால் அந்தத் துலங்கல் மந்தமானது. அதாவது காபனீரொட்சைட்டு உள்ளே போகிற அதே வாசலால்தான் இந்த எச்சரிக்கையும் உள்ளே போகிறது. இதற்கு முன்பே, 2014ல், இன்னொரு ஜப்பானியக் குழு தக்காளியில் வேறொரு வழியைக் கண்டிருந்தது. பக்கத்துச் செடியிலிருந்து வந்த ஹெக்ஸெனோலை இலை உறிஞ்சி, அதோடு சர்க்கரைகளை ஒட்டி, புழுவின் வளர்ச்சியைக் கெடுக்கிற பொருளாக மாற்றிவிடுகிறது. அடுத்த செடியின் காயத்திலிருந்து வந்த மூலக்கூறையே எடுத்துத் தனக்கு ஆயுதம் செய்துகொள்கிறது, சும்மா செய்தி கேட்பதோடு நிற்பதில்லை.

இதுவரை செடிக்கும் செடிக்கும் இடையில் நடப்பதைப் பார்த்தோம். என் கணக்கில் இதைவிட முக்கியமானது மூன்றாவது ஆள், அதாவது குளவி. கூடு கட்டிக் கொட்டுகிற பெரிய குளவியைச் சொல்லவில்லை, மலையில் நம் ஆட்களை அது படுத்துகிற பாடு தனிக்கதை. இது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி, புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்ததும் புழுவை உள்ளிருந்தே தின்று முடிக்கிற இனம். 1990ல் டெட் டர்லிங்ஸும் சக ஆய்வாளர்களும் சோளச் செடியைப் புழு தின்னத் தொடங்கிச் சில மணித்தியாலங்களில் ஒரு புது வாசக் கலவை கிளம்புவதையும், அந்தக் குளவிகள் அதைப் பிடித்துக்கொண்டு புழுவைத் தேடி வருவதையும் காட்டினார்கள். இலையைப் பிளேடால் கீறினால் மட்டும் அந்த வாசம் அப்படி வராது, காயத்தில் புழுவின் எச்சில் படவேண்டும். அந்த எச்சிலில் இருக்கிற முக்கியமான பொருளை 1997ல் பிரித்தெடுத்து வொலிசிட்டின் என்று பெயர் வைத்தார்கள். தொடக்கத்தில் சொன்ன பச்சை வாசம் வேறு, இது வேறு என்பதை இங்கே பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பச்சை வாசம் உடனே வரும், யார் உடைத்தாலும் வரும். இரண்டாவது வாசம் தாமதமாக வரும், கடிபடாத இலைகளிலிருந்தும் வரும், தின்பது யார் என்ற தகவலையும் ஓரளவு சுமந்து வரும். ஒவ்வொரு வாரமும் கொழுந்து பறிக்கப்படுகிற தேயிலைச் செடி விரலின் கிள்ளலையும் புழுவின் கடியையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது இதிலிருந்து புரியும்.

மலையகத்தின் சொந்த வரலாற்றில் இந்த ஒட்டுண்ணிக் குளவிக்குப் பெரிய இடம் இருக்கிறது. இலைகளைப் பட்டுநூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளே இருந்து தின்கிற தேயிலைச் சுருட்டுப் புழு ஒரு காலத்தில் நம் தோட்டங்களைப் பாடாய்ப்படுத்தியது. 1935-36ல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ரஸ் என்கிற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது இங்கே நிலைத்துப் பரவி, புழுவை அடக்கிவிட்டது. உலகத்தில் உயிரை வைத்து உயிரைக் கட்டுப்படுத்திய நல்ல உதாரணங்களில் ஒன்றாக இன்றும் இதைச் சொல்கிறார்கள். அப்புறம் 1950களில், வாதுகளைத் துளைக்கிற சிறு வண்டுக்காக டீல்ட்ரின் அடித்தார்கள். வண்டுக்கு அடித்த மருந்து குளவியையும் கொன்றது, அடங்கிக் கிடந்த சுருட்டுப் புழு திரும்பக் கிளம்பியது. செடி வாசம் விட்டுக் கூப்பிட்டால் மட்டும் போதாது, கேட்டு வர ஆள் உயிரோடு இருக்க வேண்டும். நாள்காட்டியைப் பார்த்து வாரம் தவறாமல் மருந்தடிக்கிற நுவரெலியா, வெலிமடை மரக்கறித் தோட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த டீல்ட்ரின் கதைதான் நினைவுக்கு வருகிறது, அதை ஒவ்வொரு விவசாயிக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இனி தேநீர்க் கோப்பைக்கு வருவோம். தென்மேல் பருவக்காற்று மழையை மேற்குப் பக்கம் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. அந்தப் பருவத்து ஊவாத் தேயிலையில் ஒரு குளிர்ச்சியான தைல வாசம் ஏறும், அதற்குத்தான் உலகச் சந்தையில் தனி விலை. அந்த வாசத்தின் முக்கியமான பகுதி மெதைல் சாலிசிலேட், மூட்டுவலித் தைலங்களில் இருக்கிற அதே பொருள். இதே மெதைல் சாலிசிலேட்டைத்தான் வைரசு தொற்றிய புகையிலைச் செடி காற்றில் விடுகிறது என்றும், பக்கத்துச் செடி அதை உள்ளே எடுத்து நோயை எதிர்க்கத் தயாராகிறது என்றும் 1997ல் காட்டினார்கள். புழு தின்ற பல செடிகளும் இதை விடுகின்றன. தாய்வானில் இன்னும் ஒரு படி மேலே: அங்கே ஒரு சிறு பச்சைத் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிய கொழுந்தை வேண்டுமென்றே பறித்து, தேன் வாசமுள்ள விலையுயர்ந்த ஊலோங் தேயிலை செய்கிறார்கள். பூச்சி தொடாத கொழுந்தில் அந்த மணம் வராது, அதனால் அந்தத் தோட்டங்களில் மருந்தடிக்கவே முடியாது. செடி பட்ட சிரமத்தின் மணத்தை நாம் ரசித்துக் குடிக்கிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் மனதை உறுத்துகிற விஷயம், ஆனாலும் உண்மை அதுதான்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு வாசத்தைப் போத்தலில் அடைத்து மலையில் தெளித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவ்வளவு சுலபமில்லை. புழுவே இல்லாத இடத்துக்குக் குளவியை வாசம் காட்டிக் கூப்பிட்டால் அது ஏமாந்து பட்டினி கிடக்கும், செடியும் தேவையில்லாமல் தன் வளர்ச்சியைச் செலவழிக்கும். வாகனப் புகையிலிருந்து உருவாகும் ஓசோன் இந்த வாச மூலக்கூறுகளைச் சிதைக்கவும் செய்கிறது. லைமா அவரையில் 2010ல் பார்த்தபோது, சுத்தமான காற்றில் 70 சென்ரிமீற்றர் போன செய்தி ஓசோன் கூடிய காற்றில் 20 சென்ரிமீற்றரோடு நின்றுவிட்டது. கென்யாவில் செய்ததுதான் எனக்குப் பிடித்த வழி. அங்கே சோளத்துக்கு நடுவே டெஸ்மோடியம் என்கிற அவரை இனப் பூண்டை நடுகிறார்கள், அதன் வாசம் தண்டுதுளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டும். வயலைச் சுற்றி நேப்பியர் புல்லை நட்டால் அது அந்துப்பூச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இடையில் நட்டால் பூச்சி கடிக்காமலே கடிபட்ட செடியின் வாசத்தை விட்டுக் குளவிகளை வரவழைக்கிற ஒரு புல் வகையும் அவர்களிடம் இருக்கிறது. போத்தலும் மருந்தும் இல்லாமல், எதை எதற்குப் பக்கத்தில் நடுகிறோம் என்ற யோசனையாலேயே நடக்கிற வேலை. நேப்பியர் புல் நம் தோட்டங்களில் மாட்டுக்குப் போடத் தாராளமாக வளர்கிற புல்தான்.

வீட்டுக்குப் பக்கத்தில் கோவா போட்டிருப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இலையைத் திருப்பிப் பாருங்கள். புழுவுக்குப் பக்கத்திலோ செத்த புழுவின்மேலோ பஞ்சு மாதிரி நூல் சுற்றிய சின்ன வெள்ளை அல்லது மஞ்சள் கூடுகள் ஒட்டியிருக்கும். புழுவின் முட்டை என்று நினைத்துப் பலரும் அவற்றை நசுக்கிவிடுகிறார்கள். அவை முட்டைகள் அல்ல, ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். அப்படி நிறையத் தெரிகிற பாத்தியில் அந்த வாரம் மருந்துத் தாங்கியை முதுகில் மாட்ட வேண்டாம். கூடு உடைந்து குளவி வெளியே வர விடுங்கள், சில நாட்கள் கழித்துப் புழு குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.